திலிங்கிட் முதியோரின் கடன்

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள பாடசாலைகளுக்குத் திலிங்கிட் இனத்து முதியோர் சென்று, பிள்ளைகளுக்குத் தம் பண்பாட்டைக் கற்பித்தல் சென்ற அரை நூற்றாண்டாக நடைபெற்றுவரும் ஒரு வழக்கமாகும். வேதனம் பெற்றுச் செல்பவரும் உளர். கைம்மாறு கருதாது செல்பவரும் உளர். கதை சொல்லுதல், பாட்டும் ஆட்டமும் பழக்குதல், மீனைக் கீறிப் புகையில் உலர்த்துதல், மரவேர் கொண்டு கூடை முடைதல் ஆகியன அவர்கள் காட்டிக்கொடுக்கும் பாடங்களுட் சில.

ஆயினும், அத்தகைய முதியவர் ஒருவர் வகுப்பின் முன் நின்றவுடன் கதையைத் தொடங்கிவிடுவதில்லை. முதலில் தம் பெயரைச் சொல்வார். தாம் அண்டங்காக்கைப் பகுதியைச் சேர்ந்தவரா, கழுகுப் பகுதியைச் சேர்ந்தவரா என்பதைச் சொல்வார். எந்தக் குடியில், எந்த வீட்டிற் பிறந்தவர், தந்தையின் குடி யாது, பாட்டன்மாரின் குடி யாது என்பவற்றையெல்லாம் ஒழுங்காக எடுத்துரைப்பார். அதன் பின்னர், தாம் சொல்லப்போகும் கதை எந்தக் குடிக்கு உரியது, அதைச் சொல்லத் தமக்கு உரிமை எவ்வாறு வந்தது என்பதையும் கூறுவார். சிறு பிள்ளைகள் இதற்குள் நெளியத் தொடங்கிவிடலாம். கதை எப்போது வருமென்று அவர்கள் காத்திருப்பர். ஆனால் முதியவரின் எண்ணத்தில் பாடம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

நேயர்களே, இந்த முன்னுரையின் பொருளை அறிதற்கு அம்மக்களின் நாட்டையும் வாழ்க்கையையும் சிறிது அறிதல் வேண்டும்.

அலாஸ்கா மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதி, கனடா நாட்டின் மலைகளுக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு நீண்ட கரை. அதன் முன்னே ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. மழை மிகுதி, காடும் மிகுதி. தேவதாரு இனத்து நெடுமரங்கள் கடல்விளிம்பு வரை நெருங்கி வளர்ந்திருக்கின்றன. மாநிலத் தலைநகராகிய ஜூனோவுக்கே வெளியிலிருந்து செல்வதற்குத் தெருவழி இல்லை. கடல் வழியாகவோ ஆகாய வழியாகவோதான் செல்லல் வேண்டும். சால்மன் மீன்கள் கடலில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் தாம் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகின்றன. அவ்வாறு திரும்பும் மீனே திலிங்கிட் மக்களின் முதன்மையான உணவு. கடல் வற்றும்போது பந்தி விரிக்கப்படுகிறது என்ற கருத்தில் அவர்களிடையே ஒரு முதுமொழி வழங்குகின்றது. வற்றிய கரையிலே சிப்பியும் நண்டும் கடற்பாசியும் எடுத்து உண்ணும் மக்களுக்கு அது வெறும் உவமையன்று.

இம்மக்கள் அனைவரும் இரு பெரும் பகுதியினராகப் பிரிந்திருக்கின்றனர். ஒன்று அண்டங்காக்கை, மற்றது கழுகு. ஒவ்வொரு பகுதியிலும் பல குடிகள் உண்டு. ஒவ்வொரு குடியிலும் பல வீடுகள் உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரு பகுதியினர் மறு பகுதியிலேயே மணஞ் செய்தல் மரபு. ஆகவே ஒவ்வொருவருக்கும் தாயின் பகுதி ஒன்றாகவும் தந்தையின் பகுதி மற்றொன்றாகவும் அமைகின்றது. முற்காலத்தில் எட்டுப் பத்து வயதான ஆண்பிள்ளை தாய்மாமனின் வீட்டுக்குச் சென்று வளர்ந்தான். வேட்டையும் மீன்பிடியும் குடியின் வரலாறும் அவனுக்குக் கற்பித்தவர் தாய்மாமனே. பெண்பிள்ளைகள் தாயிடமும் பாட்டியிடமும் பெரியதாய், சிறியதாய் ஆகியோரிடமும் கற்றனர்.

ஒரு பகுதியில் மரணம் நேர்ந்தால், மறு பகுதியினரே வந்து வேண்டுவன செய்வர். ஓராண்டளவு கழிந்த பின்னர், துயருற்ற குடியினர் அவர்களை அழைத்துப் பெருவிருந்தளித்து, பொருள்களை வாரி வழங்கி, பட்ட நன்றியைத் திருப்பிச் செலுத்துவர். 'கூஈக்' என வழங்கும் அச்சடங்கிலேதான் இறந்தவரின் பெயர் இளையவர் ஒருவருக்குச் சூட்டப்படும். குடியின் பாடல்கள் பாடப்படும். குடிச்சின்னம் பொறித்த தலையணிகளும் போர்வைகளும் வெளியே எடுக்கப்படும். இன்று கொடுப்பவர் நாளை பெறுவர். இன்று பெறுபவர் நாளை கொடுப்பர். இரு பகுதியும் ஒன்றுக்கொன்று என்றும் கடன்பட்டிருப்பதே அச்சமூகத்தைக் கட்டிநிறுத்தும் கயிறு.

குடியின் சொத்துக்களை அவர்கள் 'அட்டூவ்' என்பர். சொத்தென்றால் காணியும் ஆறும் வீடும் மட்டுமன்று. பெயர், பாட்டு, ஆட்டம், சின்னம், கதை ஆகிய யாவும் அதனுள் அடங்கும். ஒரு குடியின் முன்னோர் உயிரைக் கொடுத்துப் பெற்ற அனுபவமே அக்குடியின் கதையாகிறது. பிறர் வள்ளத்தைக் கேளாமல் எடுத்துச் செல்வது எவ்வாறு குற்றமோ, பிறர் கதையைக் கேளாமல் எடுத்துச் சொல்வதும் அவ்வாறே குற்றம். எனவேதான் வகுப்பறையில் நிற்கும் முதியவர், தாம் யாரென்பதையும் கதை யாருடையதென்பதையும் முதலிற் கூறுகின்றார்.

இத்தகைய ஒழுங்குடன் வாழ்ந்த மக்களிடையே பாடசாலை வந்த வரலாறு இன்பமானதன்று.

1867 ஆம் ஆண்டில் இரசியப் பேரரசு அலாஸ்காவை 72 இலட்சம் டொலருக்கு அமெரிக்காவுக்கு விற்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 18 ஆம் நாள், சிட்கா என்னும் ஊரில் இரசியக் கொடி இறக்கப்பட்டு அமெரிக்கக் கொடி ஏற்றப்பட்டது. தங்கள் நாட்டை விற்க இரசியருக்கு உரிமை ஏது என்று திலிங்கிட் மக்கள் வினவினர். அவ்வினாவுக்கு அன்று விடை கிடைக்கவில்லை. பதினோராண்டு கழித்து, 1878 இல், பிரெஸ்பிற்றேரியன் சபையார் சிட்காவில் ஒரு பாடசாலையைத் தொடங்கினர். ஷெல்டன் ஜாக்சன் என்னும் பாதிரியார் 1885 இல் அலாஸ்காவின் கல்விக்குப் பொறுப்பான அரசாங்க முகவராக நியமிக்கப்பட்டார். ஆங்கிலமே கல்வியின் மொழி என்பதும், தாய்மொழி பிள்ளைகளின் முன்னேற்றத்துக்குத் தடை என்பதும் அவர் கொண்ட கொள்கை. தாய்மொழியிற் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். வாயைச் சவர்க்காரம் இட்டுக் கழுவியதை முதுமையிலும் மறவாது சொன்னவர் பலர்.

பாடசாலைக் கதவுதானும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. கலப்புக் குடும்பமொன்றின் பிள்ளைகளைச் சிட்காவின் பொதுப் பாடசாலையிற் சேர்க்க மறுத்தமை நீதிமன்றம் வரை சென்றது. அப்பிள்ளைகளின் குடும்பத்தார் வீடும் தொழிலும் உடையவர், வரி செலுத்துபவர். அவ்வாறிருந்தும், தம் சுதேச உறவினரோடு கலந்து பழகுவோர் நாகரிக வாழ்வினர் ஆகார் என்று 1908 ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. அலாஸ்கா ஆட்சிப்பகுதியின் 1915 ஆம் ஆண்டுச் சட்டமொன்று சுதேசிகள் பிரசாவுரிமை பெறுதற்கு ஒரு வழி காட்டிற்று. அதற்கு ஐந்து வெள்ளையரின் நற்சான்று வேண்டும். குலவழக்கங்களைக் கைவிட்டதாகவும் காட்டல் வேண்டும். 1924 இல் அமெரிக்கப் பேரவை சுதேசிகள் அனைவருக்கும் பிரசாவுரிமை வழங்கும் வரை இந்நிலை நீடித்தது.

இவற்றால் நேர்ந்தது யாது? அடிபட்ட பிள்ளைகள் வளர்ந்து பெற்றோர் ஆயினர். தாம் பட்ட துன்பம் தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று கருதினர். வீட்டிலும் ஆங்கிலமே பேசினர். 1912 இல் திலிங்கிட் தலைவர்களும் பிறரும் கூடி நிறுவிய அலாஸ்கா சுதேச சகோதர சங்கமும் தொடக்கத்தில் ஆங்கிலக் கல்வியையே வற்புறுத்திற்று. வாக்குரிமையும் சமத்துவமும் அவ்வழியே வருமென அவர்கள் நம்பியதிற் பிழை காண்பதற்கில்லை. அச்சங்கத்தாரும் அதன் சகோதரி அமைப்பாரும் போராடியதன் பயனாகவே, எலிசபெத் பெரட்ரோவிச் என்னும் திலிங்கிட் பெண்மணியின் சாட்சியமும் துணைநிற்க, 1945 ஆம் ஆண்டில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அலாஸ்காவில் நிறைவேறிற்று. உரிமை கிடைத்தது. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் ஒரு முழுத் தலைமுறை தாய்மொழியை இழந்துவிட்டது.

இழந்த மொழி எத்தகையது என்பதைத் தமிழ் நேயர்கள் ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். அதன் கடற்கரை வழக்கில் பகரமும் மகரமும் இல்லை. அதாவது, இதழோடு இதழ் பொருந்திப் பிறக்கும் ஒலிகள் அதில் இல்லை. ஆகவே தமிழ்க் குழந்தை முதன்முதற் சொல்லும் 'அம்மா', 'அப்பா' என்னும் சொற்களை அம்மொழியின் ஒலிகளைக் கொண்டு அமைத்தல் இயலாது. அதற்கு மாறாக, அண்ணத்தின் பின்புறத்திலும் தொண்டையிலும் பிறக்கும் மெய்யொலிகள் அதில் ஏராளம். நாவின் இரு மருங்கிலும் காற்றை உரசவிட்டுப் பிறப்பிக்கும் ஒலிகளும் உண்டு. சிறுவயதிற் கேளாத செவிக்கு அவற்றைப் பிரித்தறிதலே அரிது. வாய்மொழியாகவே வழங்கிய அம்மொழிக்கு, கொன்ஸ்ரன்ஸ் நெய்ஷ், கில்லியன் ஸ்ரோரி என்னும் பெண்மணிகள் இருவர் 1960களிலே ஒழுங்கான எழுத்துமுறையொன்றை வகுத்தனர். எழுத்து வந்தது, ஆனால் அதைப் பேசிக் காட்டும் வாய்களோ குறைந்துகொண்டே வந்தன.

இக்குறைவை உணர்ந்து முன்வந்தோருள் ஒருவர் வால்ற்றர் சோபொலெவ். இவர் 1908 ஆம் ஆண்டில் கில்லிஸ்னூ என்னும் சிறு தீவிற் பிறந்தார். தாயார் திலிங்கிட் பெண்மணி. சிட்காவின் ஷெல்டன் ஜாக்சன் பாடசாலையிற் கற்றுப் பின்னர் குருவானவராகி, 1940 முதல் ஜூனோவிலுள்ள ஞாபகார்த்தப் பிரெஸ்பிற்றேரியன் தேவாலயத்திற் பணிபுரிந்தார். அவர் வானொலியைப் பயன்படுத்திய முறை வானொலி நேயர்கள் சிறப்பாக அறியத்தக்கது. பாடசாலைகளில் திலிங்கிட் மொழி அடக்கப்பட்டிருந்த காலத்திலே, அவர் அம்மொழியிலேயே பிரசங்கமும் செய்தியும் ஒலிபரப்பினார். வீட்டுக்குள் ஒளிந்திருந்த மொழி ஆகாயவழியே மீண்டும் வீடுகளுக்குச் சென்றது. சுதேசிகள் நிறைந்திருந்த அத்தேவாலயத்தை 1960களின் தொடக்கத்தில் மேலிடத்தார் மூடிவிட்டனர். சோபொலெவ் சோர்ந்துவிடவில்லை. 1970 இல் அலாஸ்காப் பல்கலைக்கழகத்திற் சுதேசக் கல்வித் துறையை நிறுவினார். நூறு வயதைக் கடந்த பின்னும் கற்பித்தலை விடவில்லை. 2011 இல், தம் 102 ஆம் வயதிற் காலமானார். ஜூனோ நகரில் 2015 இல் திறக்கப்பட்ட பண்பாட்டு நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பாடசாலைப் பிள்ளைகளைப் பொறுத்தவரையிற் பெருந்திருப்பம் நிகழ்ந்த இடம் சிட்கா. முன்பு எந்த ஊரில் மொழி அடக்கப்பட்டதோ அதே ஊரில், 1974 ஆம் ஆண்டு, சிட்கா சுதேசக் கல்வித் திட்டம் தொடங்கியது. பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளுக்கு முதியோர் பாட்டும் ஆட்டமும் மொழியும் கற்பித்தனர். அவர்களுள் முதன்மையானவர் சார்ள்ஸ் ஜோசப். மக்கள் அன்போடு வழங்கிய பெயர் சார்ளி ஜோசப். கழுகுப் பகுதியின் காக்வாந்தான் குடியைச் சேர்ந்த அவர் பழம்பாடல்கள் பலவற்றை நினைவிற் காத்து வைத்திருந்தார்.

இங்கேதான் ஓர் இடர் எழுந்தது. பாடல் குடிக்கு உரியது. வகுப்பில் இருந்த பிள்ளைகளோ பல குடியினர்; இரு பகுதியினரும் கலந்திருந்தனர். ஒரு குடியின் பாடலை மற்றக் குடியின் பிள்ளைக்குக் கற்பித்தல் மரபுக்கு மாறு. கற்பியாது விட்டாலோ, பாடலைப் பாடுதற்கு உரிய குடியிலேயே அதனை அறிந்த இளையவர் எவரும் இல்லை. சட்டத்தைக் காப்பதானால் பாடல் அழியும். பாடலைக் காப்பதானால் சட்டம் தளரும். உரிமையை இறுகப் பிடித்து, தம்மோடு பாடலையும் புதைகுழிக்குக் கொண்டுசென்ற முதியோரும் இருந்தனர். அவர்களைக் குறைகூறுதல் எளிது; அவர்கள் நிலையில் நின்று முடிவுசெய்தல் எளிதன்று. ஏனெனில் நாட்டையும் ஆற்றையும் இழந்த மக்களிடம் எஞ்சியிருந்த சொத்து அதுவொன்றே. அதையும் பொதுவில் வைத்துவிட்டால் பின்னர் தமதென்று சொல்ல யாது எஞ்சும்?

சிட்கா முதியோர் நடுவழியொன்றைக் கண்டனர். பிள்ளைகள் யாவருக்கும் பாடல்களைக் கற்பித்தனர். ஆயின் ஒவ்வொரு பாடலும் எந்தக் குடிக்கு உரியது, யார் ஆக்கியது, எதன்பொருட்டு ஆக்கியது என்பவற்றையும் உடன் கற்பித்தனர். உரிமையைக் கைவிடவில்லை, உரிமையையே பாடத்தின் ஒரு பகுதியாக்கினர். பாடியவன் எக்குடிப் பிள்ளையாயினும், அப்பாடலின் உரியவர் பெயர் அவன் நாவில் தங்கிற்று. பெயர் சொல்லிக் கொடுப்பதாற் சொத்துக் குறையவில்லை. அதைக் காப்பவர் தொகையே பெருகிற்று.

இதன் பயன் 1980 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு சிட்காவில், பல ஊர்களிலுமிருந்து திலிங்கிட் முதியோர் மாநாடு கூடிற்று. கஜா ஹீன் என்னும் பெயருடைய பிள்ளைகள் குழுவினர் அவர்கள் முன் தோன்றிப் பாடி ஆடினர். எண்பது வயதைக் கடந்த சார்ளி ஜோசப் பழக்கிய பிள்ளைகள் அவர்கள். தம்மோடு எல்லாம் முடிந்துவிடும் என எண்ணியிருந்த முதியோர் பலர் நெஞ்சுருகினர். ஒருவர்பின் ஒருவராக எழுந்து, பழைய முறைப்படி, பிள்ளைகளுக்கு நன்றி கூறிப் பேசினர். முதியோர் இளையோருக்கு நன்றி கூறியது கவனிக்கத்தக்கது. கொடுத்ததை வாங்க ஒருவர் இல்லாவிடின் கொடுத்தவர் கடன் தீர்வதில்லை அன்றோ! அம்மாநாட்டை ஒட்டியே சீலாஸ்கா மரபுரிமை நிறுவனம் தோன்றியது. 1982 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஜூனோவில் நடைபெறும் பெருவிழாவும் அதன் வழிவந்தது.

முதியோர் பேசிய அவ்வுரைகள் காற்றோடு போகாமற் காத்தவர் நோரா மார்க்ஸ் டௌவன்ஹவர். 1927 இற் பிறந்த அவர் எட்டு வயதிற் பாடசாலைக்குச் சென்றபோதுதான் ஆங்கிலம் கற்கத் தொடங்கினார். தம் கணவர் ரிச்சர்ட் டௌவன்ஹவருடன் இணைந்து, முதியோரின் கதைகளையும் உரைகளையும் வரலாறுகளையும் ஒலிப்பதிவு செய்து, ஒருபுறம் திலிங்கிட் மொழியும் மறுபுறம் ஆங்கிலமுமாக 1987 க்கும் 1994 க்கும் இடையே மூன்று பெருநூல்கள் வெளியிட்டார். ஒவ்வொரு கதைக்கும் சொன்னவரின் பெயரும் குடியும் அந்நூல்களிற் குறிக்கப்பட்டுள்ளன. அச்சேறிய பின்னும் கதை உரியவரை இழக்கவில்லை. அவர் 2017 இற் காலமானார்.

ஹெயின்ஸ் என்னும் ஊரில் வாழ்ந்த ஒஸ்ரின் ஹமண்ட் மற்றொரு முறையைக் கையாண்டார். 1910 முதல் 1993 வரை வாழ்ந்த அவர், சில்கூட் ஆற்றங்கரையிற் பண்பாட்டு முகாம் அமைத்துப் பிள்ளைகளை மீனுக்கும் ஆற்றுக்கும் அருகே கொண்டுசென்றார். மலையாட்டு மயிரும் தேவதாரு மரப்பட்டையின் நாரும் சேர்த்து நெய்த பழம்போர்வையொன்று அவரிடம் இருந்தது. அவ்வாற்றுச் சால்மன் அதில் உருவாக அமைந்திருந்தது. ஆற்றுக்குத் தம் குடியினரின் உரிமையைக் காட்டும் காணி உறுதி அதுவே என்பது அவர் கொள்கை. பிள்ளைகள் வரலாற்றை ஏட்டிற் படிப்பர். அவர் அதைத் தோளில் அணிந்து காட்டினார்.

கதை சொல்லும் முதியோர் விரும்பிக் கையாளும் கதைகளுள் ஒன்று சால்மன் சிறுவனின் கதை. அது சிட்காவின் கிக்சாடி குடியினருக்கு உரியது. பசியோடு வந்த சிறுவனுக்குத் தாய் உலர்ந்த மீன்துண்டொன்றைக் கொடுத்தாள். அதில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவன் அதை இகழ்ந்து எறிந்தான். பின்னர் கடலில் இழுபட்டுச் சால்மன் மக்களின் உலகத்தை அடைந்தான். தான் இகழ்ந்த உயிர்களோடு வாழ்ந்து அவற்றின் இயல்பை அறிந்தான். பருவம் வந்தபோது தானும் ஒரு மீனாகி ஆற்றுக்குத் திரும்பினான். பிடிபட்ட மீனின் கழுத்திற் கிடந்த செப்பணியைக் கண்டு தாய் அவனை அடையாளங் கண்டாள். இக்கதை 2017 இற் சிறுவர் படநூலாக வெளிவந்து, மறு ஆண்டு அமெரிக்க இந்திய இளையோர் இலக்கிய விருதைப் பெற்றது. உணவை இகழாதே என்னும் நீதி எளிதாய் விளங்கும். அதனினும் ஆழ்ந்த நீதியொன்றும் உண்டு. மீன் தன்னைக் கொடுத்து மனிதரை வாழ்விக்கின்றது. மனிதர் அதற்கு மரியாதை செலுத்தல் வேண்டும். இங்கும் பேசப்படுவது கடனே.

முதியோரின் நினைவு சிறுவரை மகிழ்விப்பதற்கு மட்டும் உரியதன்று என்பதை அங்கூன் என்னும் ஊரின் வரலாறு காட்டும். 1882 ஆம் ஆண்டில், கில்லிஸ்னூவில் நிலையம் அமைத்திருந்த ஒரு வணிகக் கம்பனியின் திமிங்கில வேட்டைப் படகில் வெடிகுண்டு தவறுதலாக வெடித்து, திலிங்கிட் மதகுரு ஒருவர் இறந்தார். அங்கூன் மக்கள் தம் வழக்கப்படி 200 கம்பளிகளை இழப்பீடாகக் கேட்டனர். அது பகைமையன்று, உயிருக்குரிய கடனைத் தீர்க்கும் முறை. அமெரிக்கக் கடற்படை அதைக் கலகமெனக் கொண்டது. மாறாக 400 கம்பளிகளைத் தண்டமாகக் கேட்டு, அவை முற்றாகக் கிடைக்காதபோது, ஒக்டோபர் 26 ஆம் நாள் ஊரைப் பீரங்கியாற் சுட்டு எரித்தது. குளிர்காலத்துக்கென வைத்த உணவும் வள்ளங்களும் அழிந்தன. சிறுவர் அறுவர் புகையில் மூச்சடைத்து மாண்டனர். எஞ்சிய ஒரு வள்ளத்தைக் கொண்டே மக்கள் உயிர்பிழைத்தனர்.

அவ்வூர் முதியோர் இதனைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். கேட்ட பிள்ளைகள் முதியோராகித் தம் பேரருக்குச் சொன்னார்கள். 2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் 26 ஆம் நாள், சரியாக 142 ஆண்டுகள் கழித்து, அமெரிக்கக் கடற்படை அங்கூன் மக்கள் முன் வந்து முறையாக மன்னிப்புக் கேட்டது. ஜூனோத் தேவாலயத்தை மூடியதற்காகப் பிரெஸ்பிற்றேரியன் சபையும் 2023 இல் மன்னிப்புக் கேட்டிருந்தது. நினைத்திருப்பவர் இல்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்க ஒருவர் வருவதில்லை.

இவ்விடத்தில் ஐயமொன்று எழுதல் இயல்பு. முதியவர் ஒருவர் கிழமைக்கொரு முறை வந்து ஒருமணி நேரம் பேசுவதால் ஒரு மொழி பிழைத்துவிடுமா? பிழைக்காது என்பதே நேர்மையான விடை. பிள்ளைகள் நன்றி கூறும் 'குனல்ச்சீஷ்' என்னும் சொல்லையும், விலங்குகளின் பெயர்களையும், ஒரு பாடலையும் கற்பர். அவை மொழியின் வாயில், வீடல்ல. சிறுவயது முதல் திலிங்கிட் மொழியைப் பேசி வளர்ந்தோர் இன்று நூறு பேருக்கும் குறைவு என்பர். சீலாஸ்கா மரபுரிமை நிறுவனத்தின் முதற் தலைவராய் இருந்து, பாடசாலைகளிலும் ஓயாது கற்பித்த டேவிட் கட்சீக் 2020 இல் மறைந்தார். ஒவ்வொரு மறைவோடும் எந்நூலிலும் ஏறாத சொற்கள் சில மறைகின்றன.

எனினும் அம்முயற்சி வீணாயிற்று என்று கூறுதற்கும் இடமில்லை. 2000 ஆம் ஆண்டில் ஜூனோவின் ஹார்பர்வியூ ஆரம்பப் பாடசாலையில் திலிங்கிட் பண்பாட்டையும் மொழியையும் எழுத்தறிவோடு இணைத்துக் கற்பிக்கும் வகுப்புத் தொடங்கியது. முதியோர் அங்கு விருந்தினராக அன்றி ஆசிரியரின் துணைவராக அமர்ந்தனர். 2014 இல் அலாஸ்காவின் சுதேச மொழிகள் இருபதும் ஆங்கிலத்துடன் மாநிலத்தின் ஆட்சிமொழிகளாகச் சட்டத்தில் இடம்பெற்றன. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் நாள் முழுதும் திலிங்கிட் மொழியையே கேட்டு வளரும் நிலையமொன்று ஜூனோவில் அமைந்தது. 'மொழிக்கூடு' என்பது அதற்கு இட்ட பெயரின் பொருள். அங்கே கற்பிப்போர் பலர், மொழியைப் பெற்றோரிடமன்றி முதியோரின் பக்கத்தில் அமர்ந்து, வளர்ந்தபின் வருந்திக் கற்றவர்கள்.

பாடசாலைக்குச் செல்லும் முதியவரைப் பாடசாலை அதிகாரிகள் தொண்டர் என்று பதிவேட்டில் எழுதுவர். அச்சொல் அவருடைய எண்ணத்துக்குச் சற்றுப் புறம்பானது. தொண்டு என்பது ஒருவர் விரும்பினாற் செய்வது, விரும்பாவிட்டால் விடுவது. தமிழிலே கடன் என்னும் சொல் ஒன்றே, பிறருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளையும், ஒருவன் செய்தே தீரவேண்டிய கடமையையும் குறிக்கின்றது. திலிங்கிட் முதியவரின் உள்ளத்தை உரைப்பதற்கு அச்சொல்லே ஏற்றது. தாய்மாமனிடமும் பாட்டியிடமும் அவர் பெற்றவை பல. அவர்கள் இறந்துவிட்டனர், அவர்களுக்குத் திருப்பிச் செலுத்த வழியில்லை. முன்னிருப்போர் பிள்ளைகளே. அவர்கள் தம் குடியினரல்லர். சிலர் தம் இனத்தினரும் அல்லர். தம்மைத் தண்டித்த ஆசிரியரின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் இருத்தல் கூடும். கடனைச் செலுத்துபவர் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

ஆயினும் பெற்றுக்கொள்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கேட்ட கதையை வேறொருவருக்குச் சொல்லும்போது, இது இன்ன குடிக்கு உரியது, இன்னாரிடம் கேட்டேன் என்று சொல்லுதலே அது. முதியவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. கூஈக் சடங்குக்கே உரியவற்றையும் பிற குடியினர் இசைவு தராதவற்றையும் விட்டுவிடுவார். சொல்லாது விட்டமைக்குக் காரணம் கேட்கும் பிள்ளைக்கு, அது எனதன்று என்று விடை கூறுவார். பத்து வயதுப் பிள்ளைக்கு இதனினும் பெரிய பாடம் வேறொன்று இல்லை. தனதல்லாததைத் தனதென்று கொள்ளாமையும், பெற்றதைப் பெற்ற இடத்தின் பெயரோடு அடுத்தவருக்குக் கொடுத்தலும் ஒருங்கே அமைந்த கல்வி அது. அதைக் கற்ற பிள்ளை வளர்ந்து முதியவராகும் நாளில் தானும் ஒரு பாடசாலை வாயிலிற் போய் நிற்பான் என்னும் நம்பிக்கையே அம்முதியோர் பெறும் ஊதியம்.